ஜூலை 25 காலை: குடியரசுத் தலைவர் பதவியேற்பைப் பார்க்கக் குமரி மாவட்டத்துக்கு நேரம் இருக்கிறதா?

2022ஆம் ஆண்டு ஜூலை 25, திங்கள்கிழமை. காலை 10.15 மணியளவில் நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்.வி. ரமணா உறுதிமொழியைச் செய்துவைக்க, திரௌபதி முர்மு நாட்டின் 15ஆவது குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். வேலைநாளின் அந்த நேரத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதி எங்கே இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், மழை விட்ட நாளானால், விடிவதற்கு முன்பே பால்வெட்டப் போனவர்கள் சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்துக்கொண்டிருப்பார்கள். முந்திரி ஆலைகளில் பெண்கள் பருப்பு உடைக்கும் வேலையில் இருப்பார்கள். பள்ளிக்கூடங்களில் பாடம் நடந்துகொண்டிருக்கும், அரசு அலுவலகங்களில் மனுக்களோடு வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். தோவாளைப் பூச்சந்தையில் மட்டும் அன்றைய வியாபாரத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். இத்தகைய காலைப்பொழுதில், ஊர்வலம் புறப்படுவதிலிருந்து அணிவகுப்பு மரியாதை முடிவது வரை அந்த நிகழ்ச்சியை உட்கார்ந்து பார்க்கக்கூடியவர்கள், ஓய்வுபெற்ற சிலரையும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களையும் விட்டால், மிகக் குறைவு.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால் நேரமில்லை என்ற விடைதான் முதலில் வரும். அதை முழு விடையாக ஏற்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆகவே ஜூலை 25 அன்று குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களின் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில்தான் இருக்கிறார்கள். தடை முடிய ஒரு வாரமே இருப்பதால் வலை பின்னுவதும் படகைப் பழுதுபார்ப்பதும் நடக்கும் என்றாலும், அவர்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்காது என்று சொல்ல முடியாது. ஆடி மாதமாதலால் இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் கல்யாணமும் இராது. நேரம் உள்ளவர்களும் அந்த நிகழ்ச்சிக்கு அதை ஒதுக்காமல் இருப்பதற்கான காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

அதே 2022ஆம் ஆண்டு மே 15 அன்று, தொலைவில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியை இம்மாவட்டம் எப்படிப் பார்த்தது என்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். நட்டாலத்தில் பிறந்து, 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்துக்குப் போப் பிரான்சிஸ் அன்று ரோமில் புனிதர் பட்டம் அளித்தார். வழிபாடு லத்தீனிலும் இத்தாலிய மொழியிலும் நடந்தது. டெல்லியைவிட ரோம் பல மடங்கு தொலைவு. இருந்தும் கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களின் பங்குகளிலும் வீடுகளிலும் மக்கள் அதை நேரலையில் பார்த்தார்கள், மணி அடித்தார்கள், பட்டாசு வெடித்தார்கள். தொலைவும் மொழியும் அங்கே தடையாகவில்லை. பட்டம் பெற்றவர் தங்கள் மண்ணில் நடந்தவர், தங்கள் மலையில் இறந்தவர் என்ற உரிமையே மக்களை உட்காரவைத்தது.

நவராத்திரி சாமி ஊர்வலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும், தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் ஒவ்வோர் ஆண்டும் பத்மநாபபுரத்திலிருந்து எழுந்தருளுகின்றன. புறப்பாட்டுக்கு முன் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளை முறைப்படி கைமாற்றித் தருகிறார்கள். தமிழ்நாடு, கேரளக் காவல்துறையினர் மரியாதை செலுத்துகிறார்கள். உடைவாள் கைமாறுவது அரசாட்சி சார்ந்த சடங்கு. மன்னராட்சி போய்ப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் தக்கலையிலிருந்து களியக்காவிளை வரை சாலையோரம் விளக்கும் தட்டுமாக மக்கள் மணிக்கணக்கில் காத்து நிற்கிறார்கள். அரசமைப்பின்படி இன்று எந்த அதிகாரமும் தராத ஒரு வாளுக்குக் கிடைக்கும் இந்த நேரம், நாட்டின் முப்படைகளுக்கும் தலைமை வகிக்கப்போகும் ஒருவர் எடுக்கும் உறுதிமொழிக்குக் கிடைப்பதில்லை. இதை மக்களின் அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. ஊர்வலம் அவரவர் வாசல் வழியே வருகிறது, விளக்கேற்றுவதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் இடம் இருக்கிறது. மைய மண்டபத்தில் அப்படி ஓர் இடம் மக்களுக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தெரியாமல் போனதற்குத் தேர்தல் முறை முதற்காரணம். 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்ட மக்கள்தொகை 18,70,374. இத்தனை பேரில் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிப்பவர்கள் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேர்: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆறு பேர், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர். 1971 கணக்கெடுப்பின் மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு, தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176 என்று வகுக்கப்பட்டிருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 2022இல் 700. அதற்கு முந்தைய சில தேர்தல்களில் அது 708ஆக இருந்தது, 2022இல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லாததால் குறைந்தது. ஆக, ஆறு பேரின் 1,056, ஒருவரின் 700 என்று கூட்டினால் இம்மாவட்டத்தின் கைவசம் இருந்தது 1,756. நாடு முழுவதற்குமான மொத்த மதிப்பு 10,86,431. சிறிய பங்குதான், ஆனால் இருக்கிறது. வாக்குச்சாவடியில் விரலில் மை வைத்துக்கொண்டவர், தம் வாக்கு இன்னொருவர் கைவழியாக டெல்லி வரை போகிறது என்பதை உணர்வதற்கு நாம் வாய்ப்பே ஏற்படுத்தவில்லை. சட்டமன்றத் தேர்தலின்போது எந்த வேட்பாளரும் குடியரசுத் தலைவர் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பேன் என்று பேசுவதில்லை, வாக்காளரும் கேட்பதில்லை.

பிரதமரின் பதவியேற்புக்கு நிலைமை வேறு. 2014 மே 26 மாலையில் குடியரசுத் தலைவர் மாளிகையின் முன்வெளியில் நடந்த விழாவில், கன்னியாகுமரித் தொகுதியிலிருந்து வென்ற பொன். ராதாகிருஷ்ணன் இணையமைச்சராகப் பொறுப்பேற்றார். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அதைப் பார்த்தார்கள், ஏனென்றால் அந்தத் தேர்தலில் அவர்கள் வாக்களித்திருந்தார்கள், மேடையில் ஏறியவர் தெரிந்த முகமாக இருந்தார். விழா வைத்த நேரமும் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை.

குடியரசுத் தலைவர் பதவியேற்பின் தேதியை யாரும் மக்களின் வசதி பார்த்துக் குறிக்கவில்லை என்பதை இங்கே விளக்க வேண்டும். ராஜேந்திர பிரசாத் 1950 ஜனவரி 26 அன்று பொறுப்பேற்றார். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன் ஆகியோர் முறையே 1962, 1967 ஆண்டுகளில் மே 13 அன்று உறுதிமொழி எடுத்தார்கள். ஜாகிர் உசேன் 1969 மே மாதம் பதவியிலிருக்கும்போதே இறந்ததால் தேதி ஆகஸ்ட் 24க்கு மாறியது. ஃபக்ருதீன் அலி அகமதுவும் 1977 பிப்ரவரி 11 அன்று பதவியிலிருக்கும்போதே இறந்தார். இத்தகைய வெற்றிடத்தை ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்தி நிரப்ப வேண்டும் என்பது அரசமைப்பின் கட்டளை. அவ்வாறு போட்டியின்றித் தேர்வான நீலம் சஞ்சீவ ரெட்டி 1977 ஜூலை 25 அன்று பொறுப்பேற்றார். ஐந்தாண்டுக் காலம் பொறுப்பேற்ற நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. அதன் பிறகு வந்த அனைவரும் முழுக்காலமும் பதவியில் இருந்ததால் ஜூலை 25 அப்படியே நிலைத்துவிட்டது. நேரம் மட்டும் மாறும்: ராம்நாத் கோவிந்த் 2017இல் நண்பகல் 12.15 மணியளவில் பொறுப்பேற்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பது என்ன? பதவிக்காலம் முடிந்து செல்பவரும் பதவியேற்பவரும் குதிரைப்படை மெய்க்காவலர் சூழ நாடாளுமன்றத்துக்கு வருகிறார்கள். குடியரசுத் துணைத் தலைவர், மக்களவைத் தலைவர், தலைமை நீதிபதி ஆகியோர் வரவேற்று மண்டபத்துக்குள் அழைத்துச் செல்கிறார்கள். நாட்டுப்பண் முடிந்ததும் உள்துறைச் செயலர் தேர்தல் முடிவின் அறிவிக்கையை வாசிக்கிறார். தலைமை நீதிபதி உறுதிமொழியைச் செய்துவைக்கிறார். புதியவர் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார், இருவரும் இருக்கை மாறி அமர்கிறார்கள், வெளியே 21 குண்டுகள் முழங்குகின்றன. பிறகு புதியவரின் முதல் உரை. இத்தனையிலும் சட்டப்படி பதவியை உண்டாக்குவது அந்தச் சில வரி உறுதிமொழியே. தேர்தலில் வென்றிருந்தாலும் அதை எடுத்துக் கையெழுத்திடும் வரை ஒருவர் குடியரசுத் தலைவர் ஆவதில்லை.

உறுதிமொழியின் உள்ளடக்கத்தை மக்கள் அறிய வேண்டும் என்பதில் எனக்கு அழுத்தமான எண்ணம் உண்டு. அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் நீதிபதிகளும் எடுக்கும் உறுதிமொழிகள் அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றில் அவர்கள் அரசமைப்பிடம் உண்மையான நம்பிக்கையும் பற்றுறுதியும் கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். குடியரசுத் தலைவரின் உறுதிமொழி அந்த அட்டவணையில் இல்லை, 60ஆம் பிரிவிலேயே தனியாக எழுதப்பட்டிருக்கிறது. அரசமைப்பையும் சட்டத்தையும் பேணுவேன், பாதுகாப்பேன், அவற்றுக்கு அரணாக நிற்பேன், இந்திய மக்களின் தொண்டுக்கும் நல்வாழ்வுக்கும் என்னை ஒப்படைப்பேன் என்பது அதன் பொருள். இதையொத்த உறுதிமொழியை எடுப்பவர்கள் மாநில ஆளுநர்கள் மட்டுமே. அது 159ஆம் பிரிவில் இருக்கிறது. மற்றவர்கள் அரசமைப்புக்குக் கட்டுப்பட்டு நடப்பதாகச் சொல்ல, இவர் அதைக் காக்கும் பொறுப்பையே ஏற்கிறார். அந்தச் சொல்லை நாட்டின் முன்னிலையில் அவர் வாயாலேயே சொல்லும் தருணம் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது.

கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை என்று தேநீர்க் கடையில் சொல்லும் கருத்துக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். அமைச்சரவையின் அறிவுரைப்படியே அவர் நடக்க வேண்டும் என்பது உண்மை. அந்தக் கையெழுத்து எளியதன்று என்பதும் அதே அளவுக்கு உண்மை. 1975 ஜூன் 25 இரவில் நெருக்கடிநிலைக்கு வழிவிட்டது ஒரு குடியரசுத் தலைவரின் கையெழுத்து. 1976 ஜனவரி 31 அன்றும் 1991 ஜனவரி 30 அன்றும் தமிழ்நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகள் கலைக்கப்பட்டதும் அத்தகைய கையெழுத்தால்தான். 1991இல் அதைப் போட்டவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆர். வெங்கட்ராமன் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. மறுபுறம், 1997இல் உத்தரப் பிரதேச அரசையும் 1998இல் பீகார் அரசையும் கலைக்கக் கோரிய பரிந்துரைகளை மறுபரிசீலனைக்காகத் திருப்பி அனுப்பியவர் கே.ஆர். நாராயணன். 2006இல் ஆதாயம் தரும் பதவிகள் தொடர்பான மசோதாவைத் திருப்பி அனுப்பியவர் அப்துல் கலாம். நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியபோது அதற்கு ஒப்புதல் தந்தார். நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் கிடைக்காமற்போன இடமும் அதே மேசைதான். நாகர்கோவிலில் பிளஸ் டூ முடித்து மருத்துவக் கல்லூரிக்குக் காத்திருக்கும் மாணவிக்கு இது தொலைவான செய்தியன்று.

குடியரசுத் தலைவர்கள் இம்மாவட்டத்துக்குப் பழக்கமில்லாதவர்களும் அல்லர். விவேகானந்தர் பாறை நினைவுமண்டபத்தை 1970 செப்டம்பர் 2 அன்று அர்ப்பணித்தவர் வி.வி. கிரி. 2023 மார்ச் 18 அன்று திரௌபதி முர்மு அதே பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் வந்தார். அன்று போக்குவரத்து மாற்றத்தால் அலைந்தவர்கள்கூட அவர் வருகையைப் பற்றிப் பேசினார்கள். ஆளை அறிவதற்கும் பதவியை அறிவதற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நமக்குப் பிரச்சினை. ஆள் நெருக்கமானவராக இருந்தால் அந்த இடைவெளி ஓரளவு குறையும். 2002 ஜூலை 25 வியாழக்கிழமை அன்று கலாம் பொறுப்பேற்றபோது குமரி மாவட்டம் மற்ற ஆண்டுகளைவிடக் கூடுதலாகக் கவனித்தது. ராமேசுவரத்துத் தமிழர் என்பது ஒரு காரணம். தும்பாவும் மகேந்திரகிரியும் பக்கத்தில் இருப்பதால் விண்வெளித் துறையில் வேலைபார்ப்பவர்கள் இங்கே பல ஊர்களில் உண்டு, அவர் அவர்களின் துறையிலிருந்து போனவர் என்பது இன்னொரு காரணம்.

ஒரு வரலாற்றுச் செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ராஜேந்திர பிரசாத் உறுதிமொழி எடுத்த நாளில் இன்றைய குமரி மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. திருவிதாங்கூர் மன்னராக இருந்த சித்திரைத் திருநாளே அதன் ராஜப்பிரமுகர், அதாவது ஆளுநருக்கு இணையான பதவியில் இருந்தவர். 1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்தோடு இணைந்தபோதுதான், அரச குடும்பத்தைச் சேராத ஓர் ஆளுநரின் கீழ் வாழும் நிலை இம்மக்களுக்கு வந்தது. பிறப்பால் பதவிக்கு வந்தவரின் ஆட்சியையும், மக்கள் பிரதிநிதிகளின் வாக்கால் பதவிக்கு வந்தவரின் ஆட்சியையும் ஒரே தலைமுறையில் கண்ட பாட்டிமார்கள் இங்கே இருந்தார்கள். உடைவாள் கைமாறுவதை நினைவில் வைத்திருக்கும் மாவட்டம், பதிவேட்டில் கையெழுத்து விழுவதையும் அதே கவனத்தோடு பார்க்கத் தகுதி பெற்றது என்று நான் கருதுகிறேன்.

அமெரிக்காவில் அதிபர் பதவியேற்பு மக்களின் நேரத்தை எப்போதும் ஈர்ப்பதாக இங்கே ஓர் எண்ணம் உண்டு. 1981இல் ரீகனின் விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 4.18 கோடி என்று நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. 2021இல் பைடனின் விழாவுக்கு அது 3.38 கோடி, 2025இல் டிரம்பின் விழாவுக்கு 2.46 கோடி. இணையத்தில் பார்ப்பவர்கள் இதில் முழுமையாகச் சேர மாட்டார்கள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். அந்த நாட்டு நேரப்படி ஜனவரி 20 நண்பகல் என்பது நமக்கு இரவு 10.30 மணி. இறால் ஏற்றுமதியையோ அங்கே வேலைபார்க்கும் மகனின் விசாவையோ பற்றிக் கவலையுள்ள வீடுகள் அந்த நேரத்தில் விழித்திருந்து பார்ப்பதில் வியப்பில்லை. 2021இல் கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் பட்டாசு வெடித்துக் கொண்டாடியதற்கும் காரணம் அந்த உரிமையுணர்வே.

பார்க்கும் முறையும் மாறிவிட்டது. 1984இல் தொடங்கிய நாகர்கோவில் வானொலி நிலையம் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். அந்தக் காலத்தில் பார்க்கவோ கேட்கவோ வேண்டுமென்றால் நிகழ்ச்சி நடக்கும் நேரத்திலேயே பெட்டியின் முன் இருக்க வேண்டும். இன்று மார்த்தாண்டத்தில் பேருந்துக்கு நிற்பவர் கைப்பேசியில் அரை நிமிடத் துண்டுக் காட்சியாக அதைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். பார்த்தோம் என்ற நிறைவு அவருக்குக் கிடைக்கிறது. பெரும்பாலும் அந்தத் துண்டில் இருப்பது குதிரைகளும் கைகுலுக்கலும்தான், உறுதிமொழியின் சொற்கள் இருப்பதில்லை. தமிழ் விளக்கத்தோடு அந்தச் சொற்களை முழுமையாகத் தரும் பொறுப்பு ஊடகங்களுக்கு இருக்கிறது. உறுதிமொழி எடுக்கும் பகுதியை மட்டுமாவது பள்ளிகள் வகுப்பறையில் காட்டலாம், குடிமையியல் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடைப்பது அரிது.

இப்போதைய பதவிக்காலம் முடிந்து அடுத்தவர் பொறுப்பேற்க வேண்டிய 2027 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. 1982க்குப் பிறகு குடியரசுத் தலைவர் பதவியேற்பு ஞாயிறன்று வருவது இதுவே முதல் முறை. பள்ளியும் அலுவலகமும் விடுமுறை. மேற்கே விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், வள்ளம் வைத்திருக்கும் கத்தோலிக்கக் கடலோர ஊர்களும் ஞாயிறன்று தொழிலுக்குப் போவதில்லை. காலைத் திருப்பலி பல ஊர்களில் அதற்குள் முடிந்திருக்கும். நேரமில்லை என்ற காரணம் அன்று செல்லாது.

ஆனால் அன்று காலை தொலைக்காட்சியைப் போடுவதோடு பங்கு வந்துவிடாது, அதற்கான வேலை அதற்குச் சில வாரங்கள் முன்பே இருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சிகள் தம் உறுப்பினர்களுக்குக் கொறடா உத்தரவு பிறப்பிக்க முடியாது, வாக்கெடுப்பும் இரகசியமானது. எனவே நம் ஏழு பிரதிநிதிகளும் தங்கள் மனச்சாட்சிப்படி முடிவெடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வேட்பாளர்கள் அறிவிக்கப்பட்டதும், யாருக்கு வாக்களிக்கப் போகிறீர்கள், அவரிடம் எதை எதிர்பார்த்து வாக்களிக்கிறீர்கள் என்று தொகுதி மக்கள் அவர்களிடம் கேட்கலாம். தொகுதி அலுவலகத்துக்குச் சாலைக்கும் குடிநீருக்கும் மனு கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது, அந்த மனுக்களோடு இந்தக் கேள்வியையும் சேர்க்க வேண்டும். அப்படிக் கேட்டவருக்கு முழு விழாவையும் பார்க்க நேரம் இல்லாமற்போனால், உள்துறைச் செயலர் அறிவிக்கையை வாசிக்கத் தொடங்குவதிலிருந்து புதியவர் பதிவேட்டில் கையெழுத்திடும் வரை மட்டும் பார்த்தாலும் போதும்.